நிப் தேயும் இடம்: என் டிராயிங் டேப்லட்டுடன் சில வருடங்கள்

கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் டிராயிங் டேப்லட்டில் திரையில்லாததை வாங்கலாமா, இல்லை திரையோடு வருவதையே வாங்கிவிடலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். என்னுடையது அப்போதுதான் ரிப்பேர் முடிந்து வந்திருந்தது. கடுப்பில் இருந்ததால் "வாங்காதே" என்று மட்டும் அனுப்பினேன். அவள் விடவில்லை, காரணம் கேட்டாள். அதனால்தான் இந்த நீளமான பதில். முழுக்க நிதானமாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

பேனாவை அழுத்துவதில் எத்தனை படிகளைக் கருவி உணரும் என்று சொல்லும் அழுத்த நிலைகள் 8192, இத்தனை பொத்தான்கள், இவ்வளவு எடை என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். இதற்கு முன் வைத்திருந்ததில் 2048 நிலைகள்தான். வரையும்போது என் கைக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததே இல்லை. எனக்குப் பேச வேண்டியது பேனா முனையில் செருகியிருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் நிப்பைப் பற்றி.

என் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மூன்று விஷயம் கலந்து கிடக்கும்: பிடித்த கதாபாத்திரங்களின் ஃபேன் ஆர்ட், பறவைகள், அவ்வப்போது ஏதாவது பிரச்சினைக்கான போஸ்டர். ஃபாலோயர்களில் பெரும்பாலோர் முதல் வகைக்காக வந்தவர்கள். ஃபேன் ஆர்ட்டில் நிப்புக்குப் பெரிய வேலை இல்லை. கோட்டோவியம் முடிந்ததும் நிறத்தை வாளியால் ஊற்றுகிற மாதிரி ஒரே க்ளிக்கில் நிரப்பிவிடலாம். போஸ்டரில் பாதி எழுத்துரு. இறகு அப்படியில்லை. ஒவ்வொரு இழையும் மெல்லத் தொடங்கி, நடுவில் அழுத்தி, நுனியில் விடுபடும் கோடு. ஒரு சிறகுக்கே கை ஓயாது. நிப்பைத் தின்பது பறவைகள்தான், லைக் வாங்குவது மற்றவை. இது நியாயமா என்று யாரிடம் கேட்பது?

நிப் தேய்வது இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கோணத்தில் பேனாவைப் பிடிப்பதால் முனை உளி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தட்டையாகிவிடும். அதன் விளிம்பு கூர்மையாகி, டேப்லட்டின் மேல்பரப்பைக் கீற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நிப்பைப் பிடுங்கிக் கொஞ்சம் திருப்பிச் செருகினால் இன்னும் சில காலம் ஓடும். நுண்ணிய உப்புத்தாளில் லேசாக உருட்டினாலும் போதும். இதெல்லாம் செய்துதான் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் மேல்பரப்பு. புதிதில் காகிதம் போலச் சொரசொரப்பாக இருந்தது. இப்போது நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு திட்டு. அங்கே போனால் பேனா சறுக்குகிறது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு: மேலே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிக்கொள்வது. இந்தப் பேனாவில் பேட்டரி கிடையாது. டேப்லட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்காந்தப் புலத்தை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதில் ஒத்ததிர்ந்து பதில் கொடுக்கிறது. நடுவில் ஒரு தாள் இருப்பதால் எதுவும் குறைவதில்லை. ஆனால் தாள் நிப்பை இன்னும் வேகமாகத் தின்னும். சரி, தாள் வேண்டாம், வரையும் பகுதியை டேப்லட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் மாற்றி, தேயாத மூலைக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்றால், கணினி ஒவ்வொரு முறை அப்டேட் ஆனதும் டிரைவர் அதை மறந்துவிடுகிறது. மறுபடி நடுத்திட்டுக்கே வந்து நிற்போம்.

இவ்வளவுக்கும் நான் ஏன் இதை இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அது வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லாத ஒரு காரணம். இதில் வரையும்போது கையைப் பார்க்க முடியாது. பார்வை திரையில், கை மேசையில். ஆரம்பத்தில் எல்லோரும் திட்டும் விஷயம் இதுதான், நானும் திட்டினேன். ஆனால் பறவைக்கு இது அற்புதமாகப் பொருந்துகிறது. கூட்டுக்கு மேலே கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள் இல்லையா, அதைத் திரையின் ஒரு பாதியில் ஓடவிட்டு, மறுபாதியில் கிருதா என்ற வரையும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொள்வேன். பறவை தலையைத் திருப்பும், கழுத்தை நீட்டும், இறகைக் கோதும். கண் அதன் மீதே இருக்க, கை தன்பாட்டுக்கு ஓடும். காகிதத்தைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் பார்த்துக் கோடு இழுக்கும் பயிற்சி ஓவியப் பள்ளிகளில் பழையது. காகிதத்தில் அதை ஒழுங்காகச் செய்ய எனக்குப் பொறுமை இருந்ததில்லை, கண் கீழே போய்விடும். இங்கே கீழே பார்த்து எந்தப் பயனும் இல்லாததால் பழக்கம் தானாக வந்தது. திரையுள்ள டேப்லட்டில் வரைந்து பார்த்திருக்கிறேன். கை படத்தை மறைக்கிறது, கழுத்து குனிகிறது, கண் மறுபடி பேனா முனைக்கே போகிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். மற்ற இரண்டு வேலைகளுக்கு இந்தச் சுகம் இல்லை. நீளமான நேர்கோடு, போஸ்டருக்குக் கையெழுத்தில் ஒரு தலைப்பு எல்லாம் இதில் போராட்டம்தான். கோட்டை நிதானப்படுத்தும் வசதியைக் கிருதாவில் ஏற்றி வைத்துத்தான் சமாளிக்கிறேன்.

மூன்றும் சேர்ந்த ஒரு படம் மட்டும் தனி. கண்ணாடி ஜன்னலில் மோதிப் பறவைகள் சாவதைப் பற்றி ஒரு போஸ்டர் போட நினைத்தேன். கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் அவை நிஜம் என்று நம்பிப் பறந்து வந்து மோதுகின்றன. ஜன்னலில் ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயனில்லை, ஸ்டிக்கர் இல்லாத இடமாகப் பார்த்துப் பறவை பறந்து வரும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் வைக்கவேண்டும். இதை வெறும் போஸ்டராகப் போட்டால் என் பக்கத்தில் யார் நிற்பார்கள்? அதனால் ரசிகர் கூட்டமே கொண்டாடும் ஒரு கதாபாத்திரம் ஏணியில் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, அளவுகோலை வைத்துப் புள்ளி ஒட்டுவதாக வரைந்தேன். நான் போட்டதிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுதான். தங்கள் ஜன்னலைப் படமெடுத்து அனுப்பியவர்களும் உண்டு. "நாங்கள் இந்தக் கதாபாத்திரத்துக்காகத்தான் வந்தோம், பாடம் கேட்க வரவில்லை" என்றவர்களும் உண்டு. ஏணிக்குக் கீழே நின்ற அந்தச் சிட்டுக்காகத்தான் ஒரு முழு நிப் போனது. அதைக் கவனித்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

படத்தை ஏற்றுவதற்கு முன் கிளேஸ் வழியாக அனுப்புகிறேன். ஏஐ மாதிரிகள் ஓவியரின் பாணியைக் களவாடுவதைக் கடினமாக்க, படத்தில் நுண்ணிய மாற்றங்களைக் கலந்துவிடும், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒரே நிறமாக நிரப்பிய பரப்பில் அதன் கறை பளிச்சென்று தெரியும். ஃபேன் ஆர்ட் முகங்கள் அழுக்காகத் தெரிகின்றன என்று புகார் வந்தது. இறகுகளில் கறை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிவதில்லை. தின்ற நிப்புக்குப் பறவைகள் கைமாறு செய்த ஒரே இடம் இது.

இனி ரிப்பேர். கேபிள் செருகும் துளை ஆடிப்போய், கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. துளையை மாற்றிக் கொடுத்தார்கள், வேலை சுத்தம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கூடவே நிப் ஒரு பாக்கெட் கேட்டேன். "அந்தப் பேனாவுக்கு இப்போ நிப் வர்றதில்லைங்க, புது மாடல் பாருங்களேன்" என்றார்கள். புது மாடலின் நிப் இதைவிட ஒரு நூல் தடிமன், என் பேனாவுக்குள் போகாது. நிப்புக்குள் சிப் இல்லை, சுருள் இல்லை. பின்னால் இருக்கும் அழுத்த உணரியைத் தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு பிளாஸ்டிக் குச்சியை நிறுத்திவிட்டு, அதைக் காரணம் காட்டி நன்றாக ஓடும் ஒரு கருவியையே தூக்கிப்போடச் சொல்கிறார்கள். அதே நிறுவனத்தின் பெட்டியில் இலை படம் போட்டு, சுற்றுச்சூழல் மீது அக்கறை என்று எழுதியிருக்கிறது! வேறு யாரோ செய்து விற்கும் நிப்களை வாங்கிப் பார்த்தேன். செருகலாம், ஆனால் தளர்வு, கோட்டின் தொடக்கத்தில் ஒரு துள்ளல். கார்ட்டூனுக்குப் பரவாயில்லை. இறகுக்கு ஆகாது.

மே, அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு முறை உலக வலசைப் பறவைகள் தினம் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு படம் போடுவது என் வழக்கம். அடுத்ததற்கு நல்ல நிப் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதுவரை ஃபேன் ஆர்ட் எல்லாம் துள்ளும் நிப்பில்தான்.

ஆக, தோழிக்கு: திரையில்லாததையே வாங்கு, ஆனால் நான் வைத்திருக்கும் இதை வாங்காதே. எதை வாங்கினாலும், அந்த நிறுவனத்தின் பழைய பேனாக்களுக்கு இன்றைக்கும் நிப் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார். ஐந்துக்கு நான் கொடுப்பது இரண்டு நட்சத்திரம். ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். "அப்படியானால் உன்னுடையதை எனக்கு விற்றுவிடேன்" என்று உடனே பதில் அனுப்பியிருக்கிறாள். விற்கமாட்டேன்.