பதினான்கு வரியை ஒரே வரியாக்கினோம்: என் ப்ரீ-கமிட் ஹூக், மூன்று வருடத்துக்குப் பிறகு

"உங்க ரெப்போவுல ஒரு ப்ரீ-கமிட் ஹூக் வச்சிருக்கியே, எங்க டீமுக்கும் போடலாமா?" என்று நண்பன் நேற்று கேட்டான். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவுக்கும்) முன்னால் தானாக ஓடிச் சோதிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் அது. கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள் ராத்திரி முழுக்க அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரெப்போவை, அதாவது கோடு இருக்கும் களஞ்சியத்தை, குளோன் செய்து நகலெடுத்தால் ஹூக்குகள் கூடவே வராது. அதனால் ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, ஹூக்குகளை எங்கே தேடுவது என்று சொல்லும், கிட் 2.9இல் வந்த கோர்.ஹூக்ஸ்பாத் அமைப்பை அங்கே திருப்பிவிட்டோம். ஆகவே ஹூக்கில் ஒரு வரி மாறினாலும் ரிவ்யூவுக்கு வந்தாக வேண்டும். வினையும் அங்கேதான் வந்தது.

நான் முதலில் எழுதியது பதினான்கு வரி. ஸ்டேஜ் ஆன ஃபைல்களை, அதாவது அடுத்த கமிட்டுக்கென்று எடுத்துவைத்தவற்றை, அவை காத்திருக்கும் இன்டெக்ஸிலிருந்து ஒரு தற்காலிக ஃபோல்டரில் இறக்கி, அவற்றின் மேல் கோடில் பிழை தேடும் லின்ட்டரை ஓட்டும். "இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று ரிவ்யூவில் கேள்வி வந்தது. ஸ்டேஜ் ஆன பெயர்களை எடுத்து, பைப் வழியாக, பெயர்களை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் எக்ஸ்ஆர்க்ஸிடம் கொடுத்து, நேராக லின்ட்டர், ஒரே வரி. பார்க்க லட்சணமாக இருந்தது. நானும் சரி என்றேன், அதுதான் இப்போது எரிகிறது.

அந்த வரி பெயரை மட்டும்தான் இன்டெக்ஸிலிருந்து எடுக்கிறது. ஃபைலை டிஸ்க்கிலிருந்து படிக்கிறது. நானோ ஒரு ஃபைலில் பாதியை மட்டும் ஸ்டேஜ் செய்யும் ஆள். இம்போர்ட் வரி டிஸ்க்கில் இருந்தது, ஸ்டேஜில் இல்லை. லின்ட்டர் வாய் திறக்கவில்லை. என் மெஷினில் ஓடியது. புல் செய்த அத்தனை பேருக்கும் உடைந்தது.

இது முதல் தடவையும் இல்லை. போன வருடம் டீபக் பிரின்ட்டைத் தேடும் கிரெப் வரியின் கடைசியில் இருந்த, கட்டளை தோற்றாலும் வெற்றி என்றே காட்டும் "ஆர் ட்ரூ"வை, தேவையில்லாத வால் என்று ஒருவர் வெட்டிவிட்டார். எதுவும் சிக்காவிட்டால் கிரெப் 1 என்று, அதாவது தோல்வி என்று, திருப்பும். ஏதாவது கட்டளை தோற்றால் நிறுத்து என்னும் செட் மைனஸ் ஈ மேலே இருப்பதால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். கோடு சுத்தமாக இருந்த குற்றத்துக்காக, ஒரு வார்த்தை சொல்லாமல் கமிட்டை மறுத்தது ஹூக். அரை நாள் போனது. அந்த வால் ஏன் என்று நான் ஒரு கமென்ட் எழுதியிருந்தால் வெட்டியிருக்க மாட்டார், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எந்த ஃபைல், எந்த வரி, என்ன செய்தால் சரியாகும் என்று ஹூக் தமிழில் சொல்கிறது. விளையாட்டாகப் போட்டது அது. இத்தனை நாளில் அந்தச் செய்திக்கு அர்த்தம் கேட்டு யாரும் என்னிடம் வந்ததில்லை. மறந்துபோய் உள்ளே போகவிருந்த பாஸ்வேர்டுகளையும் இரண்டு முறை பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவசரம் வந்தால் எல்லோரும் ஹூக்கை ஓடவிடாத நோ-வெரிஃபை போட்டுத் தாண்டத்தான் போகிறார்கள், சர்வரில் தானாகச் சோதிக்கும் சிஐயிலேயே வைத்துக்கொள் என்றேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

என் ரெப்போவில் அது இருக்கும். பழைய பதினான்கு வரியைத் திரும்பப் போட்டு, ஏன் இன்டெக்ஸிலிருந்து படிக்கிறோம் என்று மேலே இரண்டு வரி கமென்ட்டும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ரிவ்யூவில் இன்னும் யாரும் ஓகே சொல்லவில்லை.