வார்டா, வீடா: அம்மா எங்கே நிம்மதியாகக் கும்பிட்டார்?

கோலாலம்பூரில் அம்மாவின் கடைசி மாதங்களை மருத்துவமனையிலும் வீட்டிலும் கூடவே இருந்து பார்த்தவள் நான். வார்டில் ஆக்சிஜன் இருப்பதால் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது, அது சரிதான். நெற்றியில் திருநீறு பூசி, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொந்தரவில்லாமல் காதோரம் மெதுவாகப் பதிகம் சொல்வோம், பார்வையாளர் நேரம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறினால் டாக்டர் அங்கேயே இருப்பார்.

வீடு வேறு. தீராத நோயால் கடைசிக் காலத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும், 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகளின் தாதியர் இலவசமாக வீட்டுக்கே வந்து வலியைக் கவனிக்கிறார்கள். அம்மா சாமி அறையைப் பார்த்தபடி படுத்திருந்தார், அத்தை தினமும் பாடினார். வலி மருந்தான மார்ஃபினை நிறுத்திவிட்டு வேண்டுதலை மட்டும் நம்பு என்ற உறவினருக்கு நான் இடம் கொடுக்கவில்லை. வலி அடங்கினால்தானே அம்மாவால் கும்பிட முடியும்? வலி மருந்து வீட்டிலேயே கிடைக்குமென்றால் நான் வீட்டைத்தான் சொல்வேன்.