மேங்கோ: மாங்காயா, மாங்ஙவா, மங்காவா?

சேலத்தில் மல்கோவாவையும் இமாம் பசந்தையும் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்களும் ஜூஸ் கடையில் 'மேங்கோ' என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மூன்று மொழிகள் உரிமை கொண்டாடுகின்றன.

தமிழின் கட்சி இலக்கணத்தில் நிற்கிறது. மரத்தின் பெயர் மா. மரப்பெயரை அடுத்து வல்லெழுத்து வந்தால் நடுவில் இனமெல்லெழுத்து தோன்றும் என்பது நன்னூல் விதி. ஆகவே மா + பழம் = மாம்பழம், மா + காய் = மாங்காய். மேங்கோவில் 'ங்' இருப்பதே அது பழத்திலிருந்து அல்ல, காயிலிருந்து போனது என்பதற்குச் சாட்சி. கடைசி யகரத்தைப் பேச்சில் விழுங்கினால் 'மாங்கா'.

மலையாளத்தில் அதே சொல் 'மாங்ங'. ககர ஒலி கரைந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோன போர்த்துக்கீசியர் எழுதிய 'மங்கா'வில் ககரம் இருக்கிறதே, அப்படியானால் தமிழ்தானே என்று துள்ள வேண்டாம். உயிர்களுக்கு நடுவே தனி ஙகரத்தை எழுத அவர்களிடம் எழுத்தே இல்லை. எதைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒலி தீர்க்காததை வரலாறு தீர்க்கிறது: வாஸ்கோ ட காமா 1498இல் வந்திறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம்.

மலாய் 'மங்கா'வை இடைப்படியாகக் காட்டும் அகராதிகள் உண்டு. இந்தக் கட்சிதான் மூன்றிலும் பலவீனம். போர்த்துக்கீசியர் மலாய் நாட்டுத் துறைமுகமான மலாக்காவைப் பிடித்தது 1511. அதற்கு முந்தைய ஆண்டே ரோமில் அச்சான இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் பயண நூலில், கோழிக்கோட்டுப் பகுதியில், இந்தச் சொல் வந்துவிட்டது. ஆக, வேர் மா + காய். கப்பலேறிய துறை மலையாளக் கரை. 'ஓ' ஈறு ஆங்கிலத்தில் ஒட்டியது.

காயின் பெயர் போனதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. மாதக்கணக்கான கடற்பயணத்தில் பழம் அழுகிவிடும். இங்கிலாந்துக்குப் போனது ஊறுகாய். அதனால் அங்கே 'மேங்கோ' சமையல் வினையாகவே ஆனது: வெள்ளரியையோ முலாம்பழத்தையோ கீறி, விதையை வழித்தெடுத்து, பூண்டு, கடுகு, இஞ்சி அடைத்து, நூலால் கட்டி, கொதிக்கும் வினிகரை ஊற்றுவது. அமெரிக்காவின் சில பகுதிகளில் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் நிலைத்தது.

லத்தீனிலும் ஒரு 'மாங்கோ' உண்டு. சரக்கை மினுக்கிக் காட்டி விற்கும் வியாபாரி என்று பொருள். மீன், இரும்பு விற்பவர்களைக் குறிக்கும் 'மாங்கர்' என்ற ஆங்கில ஈறு அதன் வழி வந்தது. கார்பைடு கல் வைத்து மஞ்சளாக்கிய சரக்கைப் பார்க்கும்போது பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனாலும் நம் மாங்காய்க்கும் அதற்கும் வேரில் ஒட்டுமில்லை, உறவுமில்லை.