வசந்த கால வாசல் அலங்காரத் தொகுப்பு: மூன்று மாதப் பயன்பாட்டிற்குப் பிறகு

குளிர்காலம் முழுவதும் வெறிச்சோடிக் கிடந்த எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தைக் கொஞ்சம் களைகட்டச் செய்யலாம் என்ற எண்ணத்தில், வசந்தம் தொடங்கிய முதல் வாரத்தில், வாசல் அலங்காரத்திற்கென்றே விற்கப்படும் முழுத் தொகுப்பு ஒன்றை இணையம் வழியே வரவழைத்தேன். கால்மிதி ஒன்று, கதவில் மாட்டும் பூவளையம் ஒன்று, பூந்தொட்டிகள் இரண்டு, டியூலிப், டாஃபடில் கிழங்குகள் அடங்கிய பை ஒன்று, சோலார் விளக்குகள் இரண்டு, நாற்காலிகளுக்கான திண்டுகள் இரண்டு ஆகியவை பெட்டியில் இருந்தன. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் எல்லாவற்றையும் புகழ்ந்துதான் எழுதியிருப்பேன். மூன்று மாதம் வெயிலும் சாரலும் காற்றும் பட்ட பிறகு ஒவ்வொரு பொருளைப் பற்றியும் வேறுவேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தத் தொகுப்பின் நிறைகுறைகள் எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன. தாழ்வாரம் வீட்டிற்குள்ளும் சேராது, தோட்டத்திலும் சேராது. தலைக்கு மேல் இருக்கும் கூரை நேராகப் பெய்யும் மழையைத் தடுப்பதைப் போலவே வெயிலையும் தடுத்துவிடுகிறது. ஆனால் பக்கவாட்டில் அடிக்கும் சாரலை அது தடுப்பதில்லை, சுவரில் மோதித் திரும்பும் காற்றையும் தடுப்பதில்லை. ஆகவே தோட்டத்திற்காகச் செய்த பொருள் இங்கே வெயில் போதாமல் தவிக்கும், கூடத்திற்காகச் செய்த பொருள் ஈரத்தில் கெட்டுப்போகும். இந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்கள் இந்த இரண்டு உண்மைகளையும் சில பொருள்களில் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் முற்றிலும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது கிழங்குப் பைதான். டியூலிப்பும் டாஃபடிலும் வசந்தத்தில் பூப்பவை என்பது உண்மை, ஆனால் அவற்றை நடவேண்டிய காலம் அதற்கு முந்தைய இலையுதிர் காலம். டியூலிப் கிழங்கு மண்ணுக்குள் ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரை அனுபவித்த பிறகே பூந்தண்டை முறையாக நீட்டும்; அந்தக் குளிர் கிடைக்காத கிழங்கு இலை விட்டால்கூடப் பூவைத் தண்டோடு உயர்த்த முடியாமல் உள்ளேயே முடங்கிப்போகும். வசந்தம் பிறந்த பிறகு விற்கப்படும் ஒரு தொகுப்பில், முன்கூட்டிக் குளிரூட்டப்பட்டவை என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் இந்தக் கிழங்குகளைச் சேர்ப்பது, வாங்குபவரின் அறியாமையை நம்பிச் செய்யும் வேலையாகவே எனக்குப் படுகிறது. பையின் மேல் பூத்துக் குலுங்கும் தொட்டியின் படம் இருந்ததே தவிர, நடவேண்டிய மாதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டாஃபடில் கிழங்கு மனிதருக்கும் நாய், பூனைக்கும் நஞ்சு, டியூலிப் கிழங்கும் செல்லப் பிராணிகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையும் இல்லை. வெங்காயத்தைப் போலவே தோற்றமளிக்கும் கிழங்கை வாசலருகே பிரித்து வைக்கும் வீடுகளில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. விற்பனையாளருக்கு எழுதியபோது, 'இப்போதே நடலாம்' என்று மட்டும் பதில் வந்தது. நட்டேன். பன்னிரண்டு கிழங்குகளில் ஐந்து மெலிந்த இலைகளை விட்டன, பூ ஒன்றுகூட வரவில்லை.

வெறும் மண் நிரம்பிய தொட்டிகளைக் கதவின் இருபுறமும் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராமல், நாற்றங்காலுக்குப் போய் ஏற்கெனவே மொட்டு விட்ட பான்சி, பிரிம்ரோஸ் செடிகளை வாங்கி வந்தேன். வசந்தத்தில் வாசலை உடனே நிறைக்க வேண்டுமென்றால் இதுவே சரியான வழி. இரண்டுமே குளிரைத் தாங்கும் செடிகள். முன்வசந்தத்தில் எதிர்பாராமல் வரும் இலேசான உறைபனியில் பான்சியின் இலைகள் தலைகவிழ்ந்து சோர்ந்து கிடந்தாலும், வெயில் ஏறியதும் எதுவும் நடவாததைப் போல நிமிர்ந்துவிடும். பிரிம்ரோஸ் அரைநிழலை விரும்புவது என்பதால் கூரையின் கீழேயே நிறைவாக இருந்தது. பான்சிக்குச் சில மணி நேர வெயிலாவது வேண்டும். அதனால் அந்தத் தொட்டியைப் படிக்கட்டின் ஓரத்திற்கு, கூரை விளிம்பைத் தாண்டி நகர்த்தினேன். வாடிய பூக்களை இரண்டு நாளுக்கு ஒருமுறை காம்போடு கிள்ளிவிட்டால், விதை வைக்கும் வேலைக்குப் போகாமல் செடி மீண்டும் மீண்டும் பூக்கிறது. இந்தச் சிறு வேலையைக் காலையில் செய்வது எனக்கு இப்போது மிகவும் பிடித்துப்போன பழக்கமாகிவிட்டது.

தொட்டிகளைப் பொறுத்தவரை, கருங்கல்லைப் போலத் தோன்றும்படி செய்யப்பட்ட பிளாஸ்டிக் தொட்டிகள் இவை. கல் அல்ல என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவிற்கு வேலைப்பாடு நேர்த்தியாக உள்ளது. குளிர் நாடுகளில் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்ததில் நியாயமும் உண்டு: சுடுமண் தொட்டி நீரை உறிஞ்சும், அந்த நீர் உறையும்போது பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், விரியும்போது தொட்டியில் விரிசல் விழும். ஆனால் இந்தத் தொட்டிகளின் அடியில் வடிகால் துளையே இல்லை. உள்ளே தடவிப் பார்த்தால் மெல்லிய வட்டக் குறிகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அவற்றை நாமே துளையிட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லும் ஒரு சீட்டுகூடப் பெட்டியில் இல்லாததால், கவனிக்காமல் மண்ணைக் கொட்டியவர்களின் செடிகள் வேரழுகிச் செத்திருக்கும். துளைக்குப் பதிலாக அடியில் கூழாங்கற்களைப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது உதவாது, மண்ணில் தேங்கும் நீர் கற்களுக்குள் இறங்காமல் அவற்றுக்கு மேலேயே தங்கி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. கற்களால் கிடைக்கும் ஒரே பயன் எடை. அந்த எடை இந்தத் தொட்டிகளுக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் முதல் பெருங்காற்றிலேயே ஒன்று படியில் உருண்டு விளிம்பு நசுங்கியது. நான் துளையும் இட்டு, ஒரு தட்டையான செங்கல்லை அடியில் ஒரு பக்கமாகவும் வைத்துவிட்டேன். அதன் பிறகு விழவில்லை.

சோலார் விளக்குகளை நினைத்தால் சற்று ஆற்றாமையாக இருக்கிறது, ஏனெனில் அவை உண்மையிலேயே அழகானவை. கம்பிக் கூண்டுக்குள் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், கதவின் மரத்தில் கொடிகளைப் போல நிழல் விழுகிறது. ஆனால் தகடு விளக்கின் உச்சியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், படத்தில் காட்டியபடி கதவின் இருபுறமும் கூரையின் கீழே மாட்டினால் நாள் முழுவதும் அதன்மேல் வெயிலே படுவதில்லை. முதல் வாரத்தில் இரவு ஏழு மணிக்கு எரியத் தொடங்கி எட்டுக்குள் அணைந்துவிட்டன. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பவிருந்தேன். பிறகு பகலில் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பார்த்தேன். அன்று நள்ளிரவு வரை எரிந்தன. இன்னொரு சிக்கல், இருள் சூழ்வதை உணர்ந்து தானே எரியும் உணரி. தாழ்வாரத்தின் மின்விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சத்தைப் பகல் என்று எடுத்துக்கொண்டு சோலார் விளக்கு அணைந்துவிடுகிறது. தகடு தனியாகவும் விளக்கு தனியாகவும் இருந்து, இடையில் இரண்டு மூன்று மீட்டர் கம்பியால் இணைக்கப்பட்ட வகையைத் தந்திருந்தால் வெயில் குறையாவது இராது. உறையில் ஐபி44 என்ற தரக்குறி உள்ளது. எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள், ஆகவே தாழ்வாரத்துச் சாரலுக்கு அது போதுமானது. மூன்று மாதத்தில் உள்ளே ஈரம் புகவில்லை. மின்கலத்தைக் கழற்றி மாற்ற முடிவது பெரிய நிம்மதி.

இந்தத் தொகுப்பில் ஐயமின்றி மிகச் சிறந்த பொருள் கால்மிதிதான். தென்னைநாரால் ஆனது, 45க்கு 75 சென்டிமீட்டர் அளவு, அடியில் ரப்பர். தேங்காய் நாரில், மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதால் அது விறைப்பாகவும் எளிதில் மட்காததாகவும் இருக்கிறது. செருப்பின் அடியில் ஒட்டிய சேற்றைத் தூரிகையைப் போல வழித்தெடுப்பதும் அந்த விறைப்புத்தான். முதல் பத்து நாள்கள் நார் உதிர்ந்து வாசலெங்கும் பழுப்புத் துகள்கள் கிடந்தன, பின்னர் நின்றுவிட்டது. 'நல்வரவு' என்று அச்சிட்டிருந்த எழுத்துகளில், எல்லோரும் கால் வைக்கும் நடுப்பகுதி மங்கிவிட்டது என்றாலும் அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. வந்தவர்கள் அந்த எழுத்தின் மீதுதான் நின்றார்கள் என்பதற்கு அடையாளம் அது. வாங்குமுன் கதவின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். கால்மிதியின் தடிமன் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். எங்கள் வெளிக்கதவு திறக்கும்போது அதில் இடித்ததால் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. மழைக்குப் பிறகு அதைத் தூக்கி நிறுத்தி உலர வைக்காவிட்டால், அடியில் தங்கும் ஈரம் மரத்தரையில் கறையை ஏற்படுத்தும்.

அடுத்தது பூவளையம். மலர்வளையம் என்று எழுதினால் வேறு நினைவு வந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன். உலர்ந்த கொடிகளைச் சுற்றிச் செய்த வட்டத்தில் துணிப்பூக்களை ஒட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவிற்கு இதன் 55 சென்டிமீட்டர் விட்டம் பொருத்தமான அளவு. இதைவிடச் சிறியதாக இருந்தால் தெருவிலிருந்து பார்க்கும்போது பொத்தானைப் போலத் தெரியும். நிறத்தேர்வில்தான் தவறிவிட்டார்கள். வெளிர் ரோஜா, வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இதமாக இருக்கின்றன, ஆனால் எங்கள் வெளிர்நிறக் கதவில் பத்து மீட்டர் தள்ளி நின்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்து சாம்பல் வட்டமாகிவிடுகிறது. கதவு அடர்நிறமாக இருப்பவர்களுக்கு இதே வளையம் மிக அழகாக இருக்கும். மாலையில் விருந்தினரை எதிர்பார்ப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம்: அந்தி மயங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கருத்துப்போகும், வெள்ளையும் வெளிர் நீலமும் நெடுநேரம் தெரியும். செக் உடலியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்ன இந்த இயல்பைப் பின்பற்றி, நான் வளையத்தில் சில வெண்பூக்களைச் செருகினேன். மாற்றம் உடனே தெரிந்தது. உச்சி வெயில் படும் கதவாக இருந்தால் சூட்டில் பசை இளகிப் பூக்கள் உதிரும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் காலை வெயில் மட்டும்தான் என்றாலும் இரண்டு பூக்கள் விழுந்தன. விழுந்தவற்றை மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறேன்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் காலை, வளையத்தின் கீழ்வளைவில் காய்ந்த புல் துணுக்குகள் சில செருகியிருப்பதைக் கண்டேன். காற்றில் வந்து ஒட்டியவை என்று எண்ணி எடுத்துவிட்டேன். மறுநாளும் இருந்தன, அதற்கடுத்த நாள் அலகில் பஞ்சோடு ஒரு சிறு குருவி கைப்பிடிச் சுவரில் காத்துக்கொண்டிருந்தது. கொடிகள் பின்னிய இந்த அமைப்பும், கூரையின் மறைவும் சிறு பறவைகளுக்குக் கூடு கட்ட ஏற்ற இடமாக இருப்பது பரவலாக நடப்பதே. முட்டையிட்ட கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. ஏறத்தாழ ஒரு மாதம் நாங்கள் பக்கவாட்டுக் கதவைத்தான் பயன்படுத்தினோம். வீட்டுக் கதவை அடிக்கடி திறக்க வேண்டியவர்கள், பறவை வளையத்தை நோட்டம் விடத் தொடங்கும்போதே இரவில் அதைக் கழற்றி உள்ளே வைப்பது நல்லது; முட்டை வந்த பிறகு அந்த வாய்ப்பு கிடையாது.

திண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. உறை நீரை ஒட்டவிடாது என்றார்கள், ஒட்டவில்லை. ஆனால் தையல் வழியே உள்ளே போன நீர் வெளியே வரவில்லை. இரண்டாம் மாதத்தில் பூசண வாடை வந்தது. உறையைக் கழற்றுவதற்கு ஜிப் இல்லாததால் துவைக்கவும் முடியாமல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மொத்தத்தில், இதே விற்பனையாளரிடம் கால்மிதியும் விளக்குகளும் பூவளையமும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அந்த மூன்றையும் தயங்காமல் வாங்கலாம், விளக்குகளைப் பகலில் வெயிலில் வைக்க இடமிருந்தால் மட்டும். தொட்டியைத் துளையோடு வேறிடத்தில் வாங்குங்கள், செடியை நாற்றங்காலில் பூவைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். முழுத் தொகுப்பாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூக்காத டியூலிப் கிழங்குகளில் இலை விட்ட ஐந்தையும் தொட்டியிலிருந்து எடுத்து, படிக்கட்டின் பக்கத்து மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருக்கிறேன். வரும் குளிர்காலம் அவற்றுக்கு முழுமையாகக் கிடைக்கும்.