ஒரே கோடா, இரண்டு கோடுகளா? ஹிஸ்பானியர்களின் பண்பாட்டுத் தழுவலை அளக்கும் வழிகள்

டெக்சாஸில் வாழும் ஒரு மெக்சிகோ முதியவரிடம் பிரெட்ஸெல் (முடிச்சுப் போட்டதுபோல் சுட்ட ரொட்டிப் பண்டம்) படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வரவில்லை. மறதி நோயின் தொடக்கமா, இல்லை அந்தப் பண்டம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லையா? படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பாஸ்டன் பெயர்சொல் தேர்வின் 60 படங்களில் பிரெட்ஸெல்லும் ஒன்று. இது தெரியாமல் மதிப்பெண் போட்டால் நல்ல மூளைக்கு நோய்ப் பெயர் வைத்துவிடுவோம். எல்லாவற்றையும் 'மொழிப் பிரச்சினை' என்று தள்ளினாலோ உண்மையான நோய் கையைவிட்டுப் போகும். அதனால்தான் நினைவு, மொழி போன்ற மூளைத் திறன்களைப் பார்க்கும் நரம்பு உளவியல் பரிசோதனையில், ஹிஸ்பானியர் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்) ஒருவர் குடியேறிய நாட்டின் மொழியிலும் வாழ்க்கையிலும் எவ்வளவு கலந்திருக்கிறார் என்பதையும், அதாவது அவரது பண்பாட்டுத் தழுவலையும், அளக்க வேண்டியிருக்கிறது.

பலர் கைக்கொள்ளும் குறுக்குவழி, "அமெரிக்காவுக்கு வந்து எத்தனை வருஷம்?" என்று கேட்பது. இதை நான் நம்பவே மாட்டேன். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 30 ஆண்டுகளை ஸ்பானிஷ் மொழியிலேயே ஓட்டிவிட முடியும். ஸ்பானிஷ் பேசும் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மக்களோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுக்கு எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது?

அடுத்தது 1987-இல் வந்த சாஷ் (SASH) என்ற சிறிய அளவுகோல். 12 கேள்விகள்: பேசும் மொழி, பார்க்கும் டிவி, பழகும் நண்பர்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், கூட்டம் நிறைந்த மருத்துவமனைக்கு அது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஒரே கோடு. மொழிக் கேள்விகளில் ஒரு முனையில் 'ஸ்பானிஷ் மட்டும்' (1), மறுமுனையில் 'ஆங்கிலம் மட்டும்' (5), நடுவில் 'இரண்டும் சமமாக' (3). இரண்டு மொழியிலும் சரளமாக எழுதும் ஆசிரியைக்கும் 3 வரும். இரண்டிலும் தடுமாறும் இளைஞருக்கும் 3 வரும். ஆசிரியையை எந்த மொழியிலும் சோதிக்கலாம். இளைஞருக்கு எந்த மொழியில் சோதித்தாலும் மதிப்பெண் குறையும். அந்த வேறுபாடுதான் நமக்குத் தெரிந்தாக வேண்டும், அதையே இந்தக் கோடு மறைத்துவிடுகிறது.

1996-இல் ஆய்வாளர்கள் மாரினும் காம்பாவும் கொண்டுவந்த பாஸ் (BAS) என்ற அளவுகோல் இதைச் சரிசெய்தது. 24 கேள்விகள், ஸ்பானிஷ் பக்கம் 12, ஆங்கிலப் பக்கம் 12, இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். இரண்டும் 2.5-ஐத் தாண்டினால் இரு பண்பாட்டிலும் கால் ஊன்றியவர். என்ன மொழி பேசுகிறார் என்பதோடு நிற்காமல், எவ்வளவு நன்றாகப் பேசுகிறார், படிக்கிறார், எழுதுகிறார் என்றும் கேட்கிறது. எந்த மொழியில் சோதிப்பது என்று முடிவெடுக்க எனக்கு இதைவிட உதவும் கேள்விகள் வேறில்லை. குடும்பம், அடையாளம் போன்றவற்றை இது தொடுவதில்லை.

அவற்றைத் தொடுவது 1995-இன் ஆர்ஸ்மா-2 (ARSMA-II) என்ற அளவுகோல். மெக்சிகோ நாட்டத்துக்கு 17 கேள்விகள், ஆங்கிலோ (ஆங்கிலம் பேசும் வெள்ளை அமெரிக்கர்) நாட்டத்துக்கு 13. வீட்டுச் சமையல், பாட்டு, நண்பர்கள் எல்லாம் வரும். மெக்சிகோ வழியினருக்காகவே எழுதியது என்பதால் கியூபாக்காரரிடம் அப்படியே கொடுக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு மதிப்பெண்களையும் தனியாக வாங்கிவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒரே எண்ணாக எழுதும் வழக்கம். கழித்த நொடியே சாஷின் பழைய ஒற்றைக் கோட்டுக்குத் திரும்பிவிட்டோம். இதைப் பயன்படுத்துபவர்கள் தயவுசெய்து கழிக்காமல் இரண்டு எண்களையும் அறிக்கையில் எழுதுங்கள்.

என் தேர்வு பாஸ்தான். அப்புறம் பள்ளிக் கேள்விகள் சிலவற்றையும் கட்டாயம் சேர்ப்பேன்: எந்த நாட்டில், எந்த மொழியில், எத்தனை வருஷம் படித்தார்? இந்த மூன்று அளவுகோல்களின் மதிப்பெண்ணிலும் படிப்பு சேர்வதில்லை. சோதனை மதிப்பெண்ணை அது வலுவாக அசைக்கும். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சாதாரண சோதனையில்கூட மொழி குறுக்கிடுகிறது. ஆங்கில எண்கள் பெரும்பாலும் ஓரசை. ஸ்பானிஷில் குவாத்ரோ (4), சின்கோ (5), சியேத்தே (7) என்று நீளும்; சொல் நீண்டால் ஒரே மூச்சில் நினைவில் வைப்பது கடினம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நமக்கு இது எளிதில் புரியும். நினைவு மங்குகிறதோ என்ற சந்தேகத்தில் வந்தவரிடம் அவர் பழக்கங்களை அவரையே கேட்டு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மகளையோ மகனையோ கூட வைத்துக் கேட்க வேண்டும்.

பாஸில் இரண்டு பக்கமும் 2.5-க்குக் கீழே வந்தால் 'எங்கும் ஒட்டாதவர்' என்று எழுதிவிடத் தோன்றும். கலிஃபோர்னியா வயல்களில் மிஸ்டெக், சபோடெக் என்ற பழங்குடி மொழிகள் பேசும் மெக்சிகோ மக்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. அதனால் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "உங்கள் அம்மா உங்களோடு எந்த மொழியில் பேசுவார்?" என்று கேளுங்கள்.