‘டென்ஷன் ஆகாதீங்க மேம், பால் குறைஞ்சிடும்’: 18,600 போன கதை

நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடி அவங்ககிட்டேர்ந்து கடைசியா வந்த மெசேஜ்தான் தலைப்புல இருக்கறது. பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு இருபத்தெட்டு நாளா கேட்டுட்டு இருந்தவளுக்கு வந்த பதில் அது. கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பேர் சொல்லப் போறதில்லை. எது மாதிரியான இடம்னு மட்டும் சொல்றேன். புதுசா பிள்ளை பெத்தவங்களுக்கு ‘தாய்ப்பால் துணை’ன்னு பேக்கேஜ் விக்கற ஆன்லைன் பக்கம். ஒரு எலக்ட்ரிக் பம்ப், ஆறு வீடியோ கால் ஆலோசனை, ரெண்டு டப்பா பால் சுரப்புப் பொடி, ‘24 மணி நேரமும் கூடவே இருப்போம்’னு ஒரு வாக்குறுதி. எல்லாம் சேர்த்து 18,600.

குழந்தை பிறந்து அஞ்சாவது நாள் ராத்திரி. சிசேரியன் தையல் இழுக்குது. குழந்தை முக்கால் மணிக்கு ஒருதரம் எழுந்து அழறா. வாயை வெச்சா எனக்கு உயிர் போற வலி. பிறந்தப்போ 2.9 கிலோ, அன்னிக்குக் காலைல எடை பார்த்தப்போ 2.7. இருநூறு கிராம் குறைஞ்சுபோச்சுங்கற ஒரே நினைப்பு. முதல் சில நாள்ல பிறந்த எடைல 7 சதவீதம் வரை குறையறது சாதாரணம், 10-ஐத் தாண்டினாதான் கவலை, ரெண்டு வாரத்துக்குள்ள பழைய எடைக்கு வந்துடணும்னு இப்போ தெரியும். அன்னிக்கு யாராவது அதை ஒரு வரியில சொல்லியிருந்தா இந்தப் பதிவே கிடையாது. ஒரு நாளைக்கு 8-லேர்ந்து 12 தடவை குடிக்கும், சாயங்காலத்துல விடாம கேக்கும், அதுக்காகப் பால் இல்லைன்னு அர்த்தம் இல்லைன்னும் யாரும் சொல்லல. வந்து பார்த்தவங்க எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணு: “பால் பத்தலையோ?”

ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டேன். ‘பால் வரல, பயமா இருக்கு’ன்னு. அவ்ளோதான் எழுதினேன். ரெண்டு நிமிஷத்துல ஒரு குரல் செய்தி வந்தது. 47 நொடி. ஒரு பெரியம்மா வயசுக் குரல். “அழாதம்மா. உன் உடம்புல ஒரு குறையும் இல்ல. நானும் ரெண்டு பெத்தவதான். இந்த நேரத்துல முழிச்சிட்டு உக்காந்திருக்கியே, நீ நல்ல அம்மாம்மா. நாளைலேர்ந்து உன்னை நான் பாத்துக்கறேன்.” நடுவுல ஒரு சின்ன இருமல். பின்னாடி எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கற சத்தம்.

நான் அதை நாலு தடவை கேட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, அந்தக் குரலைக் கேட்டு விசும்பி விசும்பி அழுதேன். அஞ்சு நாள்ல முதல்தடவையா ஒருத்தர் குழந்தையைப் பத்திக் கேக்காம என்னைப் பத்திப் பேசினாங்க. கையில பணம் இல்ல. கிரெடிட் கார்டுல ஆறு தவணையா போட்டேன், மாசம் 3,100. வீட்டுக்காரர் பக்கத்துல தூங்கிட்டிருந்தார், எழுப்பிக்கூடச் சொல்லல. மூணு மணிக்கு 18,600 போயாச்சு, அப்புறம் நிம்மதியா ஒரு மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைச்சாதான் இப்பவும் பத்திக்கிட்டு வருது.

நாலு நாள் கழிச்சு பம்ப் வந்தது. டப்பாவோட சீல் மேல இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. உள்ள இருந்த ரப்பர் குழாயை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா, உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கு, ஒரு வளைவுல கறுப்பா நாலஞ்சு புள்ளி. பூஞ்சை. அதாவது யாரோ பயன்படுத்தின பம்ப், கழுவி, எனக்குப் புதுசுன்னு வந்திருக்கு. வீட்டு உபயோகத்துக்குன்னு விக்கற பம்ப்ல பல மாடல்ல பால் மோட்டார் பக்கம் போகாம தடுக்கற தடுப்பே கிடையாது. ஒருத்தர் பயன்படுத்தினதை இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதுங்கறது அதனாலதான்.

மார்புல வைக்கற புனல் ஒரே அளவு, 28 மில்லிமீட்டர். அந்தப் புனல்ல அளவு இருக்குங்கறதே எனக்குத் தெரியாது. காம்போட குறுக்களவைப் பார்த்துத்தான் அதை வாங்கணுமாம், எனக்கு 17. பெரிய புனல்ல போட்டா காம்போட சேர்த்து சுத்தியிருக்கற கறுப்புத் தோலும் உள்ள இழுபடும். இழுபட்டது. மாத்துக் குழாய் ஒண்ணு தனியா வாங்கிப் போட்டு இருபது நிமிஷம் ஓட்டினேன், பத்து மில்லிகூட வரல. பாட்டில் அடியில கிடந்த அந்தப் பாலைப் பார்த்து, சரி, எனக்கு நிஜமாவே பால் இல்லைன்னு முடிவே பண்ணிட்டேன். பம்ப்ல வர்ற அளவு மார்புல இருக்கற அளவு இல்ல, நல்லா சப்பற குழந்தை பம்பைவிட நிறைய எடுக்கும். இதையும் அப்புறம்தான் கத்துக்கிட்டேன்.

அடுத்தது அந்த ‘ஆலோசனை’. பதினோராவது நாள். ஒரு மணி நேரம்னு சொன்னது, போன்ல பதினோரு நிமிஷம்னு காட்டுது. பேசினது அந்தக் குரல் இல்ல, வேற ஒரு சின்னப் பொண்ணு. ஒரு தடவைகூட “குழந்தைக்குக் குடுத்துக் காட்டுங்க”ன்னு கேக்கல. நானா கேமராவைத் திருப்பினேன், “பரவால்ல மேம், வேணாம்”னுட்டாங்க. பொடியை மூணு வேளை சாப்பிடணும், ராத்திரியில பவுடர் பால் குடுத்துட்டு நல்லா தூங்கணும். இவ்ளோதான் ஆலோசனை. கால் முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துல பவுடர் பால் டின்னுக்கு ஒரு தள்ளுபடி கூப்பன் வந்தது!

பவுடர் பால் குடுக்கறதே தப்புன்னு நான் சொல்ல வரல. டாக்டர் பார்த்துச் சொன்னா குடுத்துத்தான் ஆகணும், குடுக்கறவங்களைப் பார்த்து முகம் சுளிக்கறவங்களை எனக்குப் பிடிக்காது. ஆனா தாய்ப்பால் குடுக்க உதவுறேன்னு காசு வாங்கிட்டு, டின்னுக்குத் தரகு பாக்கறது எந்த நியாயம்? பவுடர் பால் விக்கறவங்க கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரங்களையும் நேரடியா அணுகவே கூடாதுன்னு உலக சுகாதார சபை 1981-லயே விதிமுறை போட்டிருக்கு. இவங்க பின்வாசல் வழியா, அக்கா தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. ராத்திரி குடுக்காம விட்டுட்டா என்ன ஆகும்? பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். மார்புல தேங்கிட்டா, தேவையில்லைன்னு உடம்பே குறைச்சிடும். அப்போ நான் இன்னும் ரெண்டு டப்பா பொடி வாங்குவேன். எவ்ளோ அழகான வியாபாரம் பாருங்க.

பதினாறாவது நாள் எடை 2.74. பதினாறு நாள் ஆகியும் பிறந்த எடைக்கு வரல. குழந்தை டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அவர் திட்டல. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பால் குடுக்கக் கத்துக்குடுக்கற நர்ஸம்மா ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாருங்கன்னு சொன்னார். அப்படி ஒருத்தங்க அங்க இருக்காங்கன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லல. அது வேற கோவம், அதை இன்னொரு நாள் வெச்சுக்கறேன்.

அந்த நர்ஸம்மா முதல்ல சொன்னதே, “பேச்செல்லாம் அப்புறம், குடு பாக்கலாம்”. குடுத்தேன். குழந்தை வாயை எடுத்ததும் என் காம்பைப் பார்த்தாங்க. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிவா நசுங்கியிருந்தது. “இது பால் இல்லாத கதை இல்லம்மா. அவ வெறும் காம்பை மட்டும் கடிச்சிட்டிருக்கா.” தலையணையை எடுத்துட்டு என்னைக் கொஞ்சம் சாய வெச்சாங்க. குழந்தையோட வயிறு என் வயித்தோட ஒட்டி, மூக்கு காம்புக்கு நேரா. “மார்பைக் கொண்டுபோய்த் திணிக்காத. அவ கொட்டாவி மாதிரி வாயைத் திறக்கற வரைக்கும் பொறு. மோவாய் முதல்ல படணும்.” பொறுத்தேன். திறந்தா. முதுகுல கை குடுத்து அப்படியே கிட்டக் கொண்டு வந்தாங்க. வலிக்கல. காதை மூடிக்கிட்டிருந்தவளுக்குத் திறந்த மாதிரி, ‘க்க்... க்க்...’னு விழுங்கற சத்தம் கேட்டது. பதினாறு நாளா அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல.

இருபது நிமிஷம், காசு ஒண்ணும் வாங்கல. பொடியைக் காட்டினேன், ஓரமா வெச்சிட்டாங்க. சில நாளைக்கு ஒவ்வொரு தடவை குடுத்த பிறகும் கையால பீய்ச்சி, சின்னக் கப்புல கொஞ்சம் சேர்த்துக் குடுக்கச் சொன்னாங்க. ஒரு நாளைக்கு ஆறு டயபராவது நல்லா நனையுதான்னு எண்ணச் சொன்னாங்க. ஒரு வாரத்துல 190 கிராம் ஏறினா.

சரி, பணத்துக்கு வருவோம். பூஞ்சை போட்டோ அனுப்பின அன்னிக்கு, “உங்க புகார் பதிவாயிடுச்சு மேம், 48 மணி நேரத்துல எங்க டீம் பேசும்.” பேசல. நாலாவது நாள் நானே கூப்பிட்டேன். “சுகாதாரப் பொருள் மேம், பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்.” வரும்போதே பிரிச்சிருந்ததேன்னு கேட்டா, “டப்பா பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா மேம்?” வயித்துல தையலோட, ஒரு கையில குழந்தையோட இருக்கறவ டப்பா பிரிக்கறதை வீடியோ எடுத்திருக்கணுமாம். சரி, பம்ப் போகட்டும், மீதி அஞ்சு ஆலோசனைக்காவது காசைக் குடுங்கன்னேன். “ஒரு கால் பேசிட்டீங்க இல்ல, பேக்கேஜ் ஆக்டிவேட் ஆயிடுச்சு.” அந்த ஆலோசகரோட சான்றிதழைக் கேட்டேன். ரெண்டு மணி நேர ஆன்லைன் வகுப்பை முடிச்சதுக்கான ஒரு படம் வந்தது. அதுக்கும் 18,600-க்கும் என்ன சம்பந்தம்னு கேட்டதுக்குத்தான் டென்ஷன் ஆகாதீங்க, பால் குறைஞ்சிடும்னு பதில். டென்ஷன்ல பால் இறங்கறது கொஞ்ச நேரம் தாமதமாகலாம், அது உண்மைதான். அந்த உண்மையை எடுத்து என் வாயை அடைக்கறாங்க.

இதைவிட ஒண்ணு. போன வாரம் அதே நர்ஸம்மாகிட்ட வந்த இன்னொரு அம்மாவோட பேசிட்டிருந்தேன். அவங்களும் அங்க ஏமாந்தவங்கதான். “எனக்கு ராத்திரி ஒரு மெசேஜ் அனுப்பினாங்க, அதைக் கேட்டுத்தான் பணம் போட்டேன்”னு போட்டுக் காமிச்சாங்க. 47 நொடி. அழாதம்மா. நடுவுல அதே இருமல். பின்னாடி அதே குழந்தையோட சிணுங்கல்.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், அவ எழுந்துட்டா. அவசரமா நாலு வரி: குழந்தை குடிக்கறதைப் பாக்காம ஆலோசனை சொல்றவங்களுக்குக் காசு குடுக்காதீங்க. பிரசவம் ஆன இடத்துலயே முதல்ல கேளுங்க. லா லெச்சே லீக் மாதிரி 1956-லேர்ந்து அம்மாக்களே அம்மாக்களுக்கு இலவசமா உதவுற அமைப்புகளும் இருக்கு. ‘சர்டிஃபைடு’ன்னு சொன்னா யார் குடுத்த சான்றிதழ்னு கேளுங்க, ஐபிசிஎல்சின்னா (தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ்) அதைக் குடுக்கற வாரியத்தோட இணையதளத்துல பேர் போட்டுத் தேடலாம். பம்ப் வந்தா டப்பாவைப் பிரிக்கறதை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பணம் போடாதீங்க, விடியட்டும்.

கார்டு கம்பெனில புகார் குடுத்திருக்கேன், விசாரிக்கறோம்னு சொல்லியிருக்காங்க. முதல் தவணை 3,100 போன வாரம் எடுத்துட்டாங்க. இன்னும் அஞ்சு இருக்கு. அந்தக் குரல் செய்தி மட்டும் இன்னும் போன்ல இருக்கு, சாட்சிக்கு வேணும்னு அழிக்காம வெச்சிருக்கேன்.