ஆவுளியாவைப் படம் பிடிக்க: நாலு விசிறியா, இறக்கையா?

கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்கென்றே 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே ஆவுளியாவைப் படம் பிடிக்கவோ எண்ணவோ ட்ரோன் வாங்கப் போகிறவர், விலையை விசாரிக்கும் முன் ஆவுளியா எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

அது கடலடியில் புல் மேயும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டிவிட்டு இறங்கிவிடும். நாலு விசிறி ட்ரோன் அதே இடத்தில் நின்று அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கும். புல்லைப் பிடுங்கும்போது கிளம்பும் சேற்றுப் புகையைக்கூடக் காட்டிவிடும். விமானம் போலப் பறக்கும் இறக்கை ட்ரோனால் நிற்க முடியாது. அது கடந்துபோன பிறகு ஆவுளியா தலை தூக்கினால் போச்சு. படம்தான் வேண்டும் என்றால் நாலு விசிறிதான், யோசிக்கவே வேண்டாம்.

எண்ணுவது என்றால் கதை வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2010-ல் ஸ்கேன்ஈகிள் என்ற இறக்கை ட்ரோனை 7 முறை பறக்கவிட்டு 6243 படங்கள் எடுத்தார்கள். ஆவுளியா என்று குறித்தவற்றில் 95 சதவீதம் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. அவ்வளவு கடலைக் கோடு போட்டுச் சுற்ற நாலு விசிறியின் அரை மணி நேர பேட்டரி எந்த மூலைக்கு? ஆனால் நம் பக்கம் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் கலங்கிவிடும். அப்போது எந்த ட்ரோனுக்கும் வேலையில்லை. அப்புறம், படங்களை ஒட்டி வரைபடமே செய்யலாம் என்று விற்பவர் சொல்வார். அடி தெரியும் புல்வெளிக்குச் சரி. வெறும் நீர்ப்பரப்பில் ஒரு படத்தை இன்னொன்றோடு பொருத்த அடையாளம் ஏது?

நாலு விசிறியின் தலைவலி படகில் ஏறினால்தான் தெரியும். ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பட்டனை அழுத்தினால் அது கிளம்பிய இடத்துக்குத் திரும்பும், படகு இருக்கும் இடத்துக்கு அல்ல. ஒருமுறை நீரோட்டம் எங்கள் பைபர் படகை நன்றாகவே தள்ளியிருந்தது, நான் கவனிக்கவில்லை. ட்ரோன் வெறும் தண்ணீர்மேல் இறங்கத் தொடங்கியது. பாதியில் தடுத்து, படகுக்குக் கொண்டுவந்து கையால் பிடித்தோம். “தம்பி, உங்க வீடு நகருதுல்ல” என்று சிரித்தார் படகோட்டி அண்ணன். இறக்கை ட்ரோனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் ஆடும் சின்னப் படகில் அதைக் கிளப்பவே முடியாது. கரையில் திடல் தேட வேண்டும்.

வெயில் பளபளப்பிலும் நாலு விசிறிக்கே சாதகம்: சூரியனுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொள்ளலாம். இறக்கை ட்ரோன் போகும்போது எடுத்தவை நன்றாக இருக்கும், வரும்போது எடுத்தவை வெளுத்திருக்கும்.

தண்ணீர் புகாத ட்ரோன்களும் உண்டு. மன நிம்மதிக்கு நல்லது, கனம்தான் இடிக்கிறது.

2021 ட்ரோன் விதிகளில் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்குமேல் 25 கிலோ வரை ஸ்மால் வகை. பெரிய இறக்கை ட்ரோன்கள் இரண்டாவதில் வந்துவிடும். அந்த வகைக்கு பைலட் சான்றிதழ் கட்டாயம். எதை வாங்கினாலும் வனத்துறை அனுமதியை முதலில் வாங்குங்கள்.

நானாக இருந்தால் 2 கிலோவுக்குள் நாலு விசிறி ஒன்று, பேட்டரி ஆறு, மீதிப் பணம் படகு டீசலுக்கு. கணக்கெடுக்கும் வேலை வந்தால் இறக்கை ட்ரோனை பைலட்டோடு வாடகைக்கு எடுத்துக்கொள்வேன்.